இருட்டறையைக் கேட்டு வாங்கியவன்

மூன்றாவது மாடி ஏறி முடிப்பதற்குள் சித்தியின் முழங்கால் அழாத குறையாகக் கெஞ்சிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லிப்ட் ஓடலைன்னு கீழேயே எழுதி ஒட்டியிருக்கலாம்."

"ஒட்டித்தான் வெச்சிருந்தாங்க சித்தி. நீங்க பார்க்கல, நானும் சொல்லல. சொல்லியிருந்தா அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பீங்க," என்றான் வால்.

திரும்பித்தான் இருப்பாள். இருபது வருஷத் துப்பறியும் தொழிலில் முக்கால்வாசி அடுத்தவர் புருஷன் எங்கே போகிறான், அடுத்தவர் பெண்டாட்டி யாரோடு பேசுகிறாள் என்று தெருமுனையில் நின்ற பொழுதுதான். அந்தச் சலிப்பு எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டிருந்தது. இனி எந்தக் கேஸும் வேண்டாம் என்று முடிவு செய்த காலையில்தான் ஒரு பெண் போன் செய்து, எதுவும் சொல்லாமல் அழுதாள். போனை வை என்று சொல்லச் சித்திக்கு வாய் வரவில்லை.

வால் அவளுடைய கூடப்பிறந்த அக்கா மகன். முப்பத்திரண்டு வயதுக்குள் முன்நெற்றி உச்சந்தலையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. செல்போன் ரிப்பேர் கடை படுத்த பிறகு அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டான். ஆட்களின் பின்னாலேயே போவதில் கெட்டிக்காரன் என்பதால் வந்த பெயர். வாய் சும்மா இருக்காது என்பதால் பெயர் நிலைத்துவிட்டது. அவன் எல்லார் முன்னாலும் 'சித்தி' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது இன்ஸ்பெக்டர்கூட போனில் "சித்தி இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்.

கதவுக்குப் பின்னால் பல் செட் செய்யும் பட்டறை. மேஜை மேஜையாக மாவுக்கட்டுத் தாடைகள், ரோஸ் கலர் மெழுகு, ஒரு மூலையில் உராயும் மெஷின்.

"நம்மளைப் பார்த்து இத்தனை பேர் சிரிச்சதே இல்ல சித்தி," என்றான் வால் மெதுவாக.

போனில் அழுத பெண் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு எழுந்தாள். நாற்பதைத் தாண்டியவள். விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பொடி. வால் எடுத்த எடுப்பிலேயே அவளை 'அக்கா' என்று கூப்பிட, அதுவே அவள் பெயராக நிலைத்துவிட்டது.

"என் தம்பியைக் காணோம்," என்றாள் அக்கா. "ஆனா காணோம்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. போலீஸ்ல சிரிக்கிறாங்க. தினமும் மெசேஜ் வருது, தினமும் சாயங்காலம் என்கூட கேம் விளையாடறான், அப்புறம் எப்படிம்மா காணோம்னு கேட்கிறாங்க."

"நியாயமான கேள்விதானே?" என்றாள் சித்தி.

"விளையாடறது அவன் இல்ல."

சித்தி உட்கார நாற்காலி தேடினாள். இது உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம்.

அப்பா அம்மா போன பிறகு அக்கா கையில் வளர்ந்தவன் தம்பி. இப்போது கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறான். அவன் தங்குவது வேலைக்குப் பக்கத்து ரூமில், அவள் இருப்பது ஊரின் இந்தக் கோடியில். சாயங்காலமானால் இரண்டு பேரும் அவரவர் வீட்டிலிருந்தே நெட்டில் ஒரு ஆட்டம் ஆடுவார்கள். போன மாதம் திடீரென்று, கம்பெனி வேறு ஊருக்கு அனுப்புகிறது என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போனவன்தான். போன் எடுப்பதில்லை, மைக் கெட்டுவிட்டது என்கிறான். எழுத்தில் மட்டுமே பேச்சு.

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்," என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "மாப்பிள்ளை, இங்க க்ளினிக் க்ளினிக்கா போய் பல் அச்சு எடுத்துட்டு வர்றவர்தான். அவர்கிட்ட நேத்து சொல்லிட்டேன். தம்பி கிடைக்கற வரைக்கும் வேண்டாம்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"சரின்னார். அவர் எதுக்கும் சரின்னுதான் சொல்வார். ஆனா அப்புறம் வாசல்ல வண்டியை எடுக்காம ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தார்."

அன்று சாயங்காலம் அக்காவின் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

ஆட்டத்தின் பெயர் 'ரெண்டு சாவி'. பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் விளக்கறையில். அங்கே சுவரெல்லாம் படம், வரைபடம், கலர் கலராக அடையாளங்கள், ஆனால் கதவு கிடையாது. மற்றவர் இருட்டறையில். கதவும் பூட்டும் அங்கேதான், ஆனால் திரை முழுக்கக் கறுப்பு. குழாய் சொட்டுவதும் கடிகாரம் ஓடுவதும் காதில் மட்டும் விழும். விளக்கறைக்காரர் பார்த்துச் சொல்ல, இருட்டறைக்காரர் தட்டித் தடவித் திறக்க வேண்டும். எழுதி அனுப்புவதைக் கேம் உரக்கப் படித்தும் காட்டும்.

"இந்த மாதிரி ஆட்டத்துல ஆளோட குணத்தை விசாரிக்கவே வேண்டாம் சித்தி," என்றான் வால். செல்போன் கடையில் பகல் முழுக்க விளையாடிக் கடையை மூடிய அனுபவம் பேசியது. "சிலர் தளபதி ரகம். அதைத் தள்ளு, இதை எடுன்னு உத்தரவு போட்டுக்கிட்டே இருப்பான். சிலர் துழாவற ரகம். அலமாரி திறக்கலைன்னா பூந்தொட்டியையாவது கவுத்துட்டுத்தான் ஓய்வான். சிலர் கணக்குப்பிள்ளை, எல்லாத்தையும் எண்ணி முடிக்காம ஒரு அடி நகர மாட்டான். மிச்சம் இருக்கறது ஒத்து ஊதறவன். நீ என்ன சொல்றியோ அதுதான் சரின்னுடுவான்."

"நீ எந்த ரகம்?"

"ஆட்டம் ஆரம்பிக்கும்போதே 'உதவி' பட்டனை அமுக்கற ரகம்."

"என் தம்பி தளபதி," என்றாள் அக்கா. "எப்பவும் விளக்கறை அவனுக்குத்தான். அக்கா அங்க இல்ல இங்க, கண்ணு எங்க இருக்குன்னு என்னை இருட்டுல போட்டு வறுத்தெடுப்பான். பொறுமைன்னா என்னன்னே தெரியாது. இப்போ இருக்கறவனைப் பாருங்க."

ஆட்டம் தொடங்கியது. மறுமுனையில் இருந்தவன் யோசிக்காமல் இருட்டறையை எடுத்துக்கொண்டான். அக்கா விளக்கறையில் தடுமாறி, வரைபடத்தைத் தப்பும் தவறுமாகச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. கேட்டு, நிறுத்தி, மறுபடி கேட்டு, சொட்டும் குழாயை வைத்தே சுவரைப் பிடித்து, பூட்டைத் திறந்துவிட்டான். வால் வாயைப் பிளந்தான். இருட்டறையை இவ்வளவு அழகாக யாரும் ஆடி அவன் பார்த்ததில்லை.

திரையின் ஓரத்தில் அவன் அனுப்பிய வரி ஓடியது.

'அக்கா அவசரப்படாத நீ பாக்கறத மெதுவா சொல்லு அப்பதான் எனக்கு வலி தெரியும்'

"பார்த்தீங்களா? வலி!" அக்கா திரையைத் தொட்டுக் காட்டினாள். "தினமும் இந்த வார்த்தை வருது. யாரோ அவனை அடிச்சு வெச்சிருக்காங்க. அவன் பேர்ல விளையாடறவன் அதைச் சொல்லி என்னை மிரட்டறான்."

அடுத்த கதவும் திறந்தது. கடைசியாக ஒரு வரி வந்தது.

'இன்னிக்கு போதும் அக்கா மணி அடிச்சிட்டாங்க கைப்பிடிய விடாதீங்க இடது காலை முதல்ல வைங்க நாளைக்கு பாக்கலாம் தூங்கு'

வால் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சங்கேத மொழி! சித்தி, கைப்பிடி, இடது கால். மணி அடிக்குதுன்னா ஜெயில். ஜெயில்ல இருந்து சுரங்கம் தோண்டறாங்க."

"ஜெயில்ல கேம் விளையாட விடுவாங்களா?"

"நல்ல ஜெயிலா இருக்கும்."

சித்தி திரைக்கு அருகே குனிந்தாள். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஏதோ ஒன்று பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. களைப்பில் அது பிடிபடவில்லை.

மறுநாள் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனார்கள். பாதி எழும்பிய கட்டடம், அதன் தலைக்கு மேலே கிரேன். கையில் வாக்கி டாக்கியோடு கீழே நின்றவர் சிக்னல்காரர். மேலே இருக்கும் கிரேன்காரருக்கு ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சொல்வது அவர் வேலை.

"வேற ஊரா? யாரு சொன்னா?" என்றார் சிக்னல்காரர். "அவனா வேலையை விட்டுட்டான். ஒரு நாள் மத்தியானம் நான் நிறுத்துன்னு ஒரு கத்து கத்தினேன், பாதி வேலையில கீழே இறங்கி வந்தான். சாவியை என் கையில கொடுத்தான். இனிமே ஏற மாட்டேன்னான். சண்டையா சச்சரவா எதுவும் இல்ல."

"அதுக்கு முன்னால ஏதாவது மாத்தம் தெரிஞ்சுதா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "முன்னெல்லாம் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இரும்புக் கட்டு தரையில இருக்கும். கடைசியில எதுக்கெடுத்தாலும் அண்ணே சொல்லுங்க, இன்னும் சொல்லுங்கன்னு கேட்க ஆரம்பிச்சான். நான் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. நல்ல பையன்மா. வீட்டுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

வெளியே வந்ததும் வால் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"சித்தி, ஆள் சிக்கிட்டான். சிக்னல்காரர்தான். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இடது, வலது, மெதுவான்னு பேசறதுதான் அவர் பொழைப்பு. இருட்டறை ஆட்டம் அப்படியே அவர் கைக்குப் பொருந்துது. வேலைப் போட்டி. தம்பியை எங்கேயோ அடைச்சு வெச்சுட்டு..."

"அடைச்சு வெச்சவர் அவன் அக்காகூட எதுக்குடா தினமும் விளையாடணும்?"

"பாசமான ஆளா இருக்கலாம்."

ஆனாலும் சித்தி அவன் சொன்னதைத் தள்ளிவிடவில்லை. வேறு பிடி எதுவும் இல்லை. "சாயங்காலம் நீ இங்கேயே நில்லு. நாங்க விளையாடற நேரத்துல அவர் என்ன பண்றார்னு பார்த்துச் சொல்லு. அதுக்கு முன்னால இன்னிக்கு வரப்போற அறையை ஒரு தடவை நீ உன் போன்ல யார்கூடயாவது விளையாடிப் பார்த்து, விளக்கறையில என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லு."

"கடைசியில என் படிப்புக்கு ஏத்த வேலை," என்றான் வால்.

சாயங்காலம் கன்ட்ரோலரைச் சித்தியே கையில் வாங்கிக்கொண்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னமே வால் போனில் சொல்லியிருந்தான்: "ரொம்பச் சுலபமான விளக்கறை. சுவர் முழுக்க ஒரே ஒரு சிவப்புக் கடிகாரம். கதவளவு பெருசு. முள் எந்த எண்ணைக் காட்டுதுன்னு சொன்னாப் போதும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லும்."

"நீங்க எந்த மாதிரி ஆடப்போறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

சித்தி மத்தியானம் முழுக்க அதைத்தான் யோசித்திருந்தாள். உத்தரவு போட்டால் அவன் கேட்டுக்கொள்வான். ஒத்து ஊதினால் பொறுமையாக நடத்திப் போவான். இரண்டிலும் அவன் தன் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருப்பான். அந்த இடத்தை விட்டு எழுப்பினால்தான் ஆள் தெரியும்.

"அவன் நாற்காலியில நான் உட்காரப் போறேன்," என்றாள்.

தேர்வுப் பக்கம் வந்த கையோடு இருட்டறையை அமுக்கிவிட்டாள்.

உடனே வந்தது:

'அக்கா அது எனக்கு குடு'

'இன்னிக்கு நான்' என்று சித்தி தட்டினாள்.

'வேண்டாம் அக்கா உனக்கு இருட்டு பிடிக்காதே'

'பரவாயில்ல. நீ விளக்கறைக்குப் போ.'

ஆட்டம் ஆரம்பித்தது. திரை கறுத்தது. எங்கோ ஒரு கடிகார முள் டிக் டிக் என்றது. சித்தி கேட்டாள்: 'உன் சுவத்துல என்ன இருக்கு?'

அக்கா நகத்தைக் கடித்தாள்.

'சுவத்துலயா' என்று வந்தது வெகுநேரம் கழித்து. பிறகு, 'கடிகாரம் சத்தம் கேக்குது'.

'சத்தம் எனக்கும் கேட்குது. படம் என்ன?'

இந்தத் தடவை இன்னும் நீளமான மௌனம். அதற்குப் பிறகு வந்தது ஒரே வரி.

'நெட் சரியில்ல அக்கா நாளைக்கு பாக்கலாம்'

ஆள் போய்விட்டான்.

"பார்த்தீங்களா?" அக்கா எழுந்தே விட்டாள். "என் தம்பியா இருந்தா விளக்கறையைக் கொடுத்ததும் குதிச்சிருப்பான். அவன் இல்லவே இல்ல இது!"

சித்தியின் போன் அடித்தது. வால்தான். "சித்தி, என் துப்பு புஸ்ஸுன்னு போச்சு. சிக்னல்காரர் இவ்வளவு நேரமும் என் கண் முன்னால சிமெண்ட் மூட்டை எண்ணிக்கிட்டு இருந்தார். கையில போனே இல்ல."

"தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு வா," என்றாள் சித்தி. அக்காவிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த முகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருக்க அவளால் முடியாது என்று தோன்றியது.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் வால் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தான். தெருவிளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது.

"நேத்து வந்த அந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சிருக்கியா?" என்றாள் சித்தி. "தூங்குன்னு அக்காவை ஒருமையில சொல்றான். அதே வரிக்குள்ள விடாதீங்க, வைங்கன்னு மரியாதையும் வருது. எழுதற ஒருத்தன் அப்படி எழுதுவானா?"

"குழப்பத்துல..."

"குழப்பம் இல்லடா. பேசறது ரெண்டு பேர். தம்பி போன்ல வாயால சொல்றான், போன் அதை எழுத்தாக்குது. பக்கத்துல இன்னொருத்தர் வேற யார்கிட்டயோ பேசினதும் சேர்ந்து விழுந்துடுச்சு. அதான் ஒரு இடத்துலகூட புள்ளி இல்ல, கேள்விக்குறி இல்ல."

வால் யோசித்தான். "அப்போ வலி?"

"நம்மள்ல எத்தனை பேருக்கு 'ழ' சொல்ல நாக்கு மடங்குது? வழின்னு அவன் சொல்லியிருப்பான். போன் வலின்னு கேட்டுக்கிச்சு. திருத்தி அனுப்பறதுக்கு அதை அவன் பார்க்கணுமே."

வால் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். இப்படி நடப்பது அபூர்வம்.

"எல்லாரும் பயப்படற இருட்டறையில அவன் புலி," என்றாள் சித்தி. "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை ஆடற விளக்கறையில அவனால நிக்க முடியல. வேற ஆளா இருந்தா கடிகாரத்தைப் பார்த்துட்டு, நேரம் தப்பாவாவது சொல்லியிருப்பான். ஆள் மாறல வால். அவனேதான். கண்ணு போயிடுச்சு."

பஸ் ஒன்று வந்து, யாரும் ஏறாததால் போய்விட்டது.

"அந்த ஆட்டத்துல திரை கறுத்துப்போனா கண்ணு தெரியறவனும் தெரியாதவனும் ஒண்ணு," என்றாள். "பார்வை இல்லாதவன்னு யாருக்கும் தெரியாது. அதனால அந்த இடத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கான்."

வால் போனை எடுத்தான். பார்வை போனவர்களுக்கு நடக்கப் பழக்கும் இடம், தங்கும் வசதியோடு, மணி அடித்துச் சாப்பாடு. ஊரில் அப்படி இரண்டு இருந்தன. ஒன்று குழந்தைகளுக்கானது.

"மிச்சம் ஒண்ணு," என்றான். வழக்கமான கிண்டல் எதுவும் பின்னால் வரவில்லை.

மறுநாள் காலையில் அந்த வாசலுக்குள் நுழைந்தபோதே படிக்கட்டின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. "கைப்பிடிய விடாதீங்க. இடது காலை முதல்ல வைங்க." பயிற்சியாசிரியர் ஒரு பெரியவரை இறக்கிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால், தன் முறைக்காக வெள்ளைக்கோலோடு காத்திருந்தான் ஒருவன். அகலமான தோள். கிரேன் ஏறி ஏறிக் காய்த்த கைகள். அக்காவின் மூக்கு அப்படியே.

சித்தி கீழே நின்றபடி, தான் யார், யார் அனுப்பி வந்தது என்று சொன்னாள். அவன் இறங்கவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நேத்து விளையாடினது நீங்கதானே?" என்றான். "அக்கா அப்படி இடத்தைப் பிடுங்க மாட்டா."

சித்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வால் கீழ்ப்படியில் நின்றான்.

"ஓரத்துல இருந்து கறுப்பா மூடிக்கிட்டே வந்துச்சு," என்றான் தம்பி. "நடுவுல தெரியற வரைக்கும் ஓட்டினேன். ஒரு நாள் கீழே நின்ன ஆள் தெரியல. சிக்னல்காரர் கத்தின கத்தல்ல நிறுத்தினேன். கட்டு அந்த ஆள் தலைக்கு மேல ஆடிக்கிட்டு இருந்திருக்கு. அப்படியே இறங்கிட்டேன். டாக்டர் இனிமே இவ்வளவுதான்னுட்டார். இப்போ வெளிச்சம் எந்தப் பக்கம்னு மட்டும் தெரியும்."

"அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு தடவை வரன் வந்துச்சு அவளுக்கு. தம்பி படிக்கணும், தம்பி வேலைக்குப் போகணும்னு மூணையும் தட்டிவிட்டா. இப்போதான் நல்லதா ஒருத்தர் வந்திருக்கார். இது தெரிஞ்சா அக்கா என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாதா? கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கு நானே போய் நிப்பேன்னு இருந்தேன். போன் பேசினா ஒரு வார்த்தையில கண்டுபிடிச்சிருப்பா. விளையாட்டை நிறுத்தினாலும் சந்தேகம் வரும். அதோட..." கோலைத் தொடைமேல் உருட்டினான். "நாள் முழுக்க இங்க விழுந்து எழுந்து கிடக்கேன். அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் நான் பழைய ஆள். அதை விட மனசு வரல. அக்காகிட்ட சொல்லாதீங்கம்மா. அடுத்த மாசம் வரைக்கும்தானே."

எத்தனையோ பேர் இதே சித்தியிடம் சொல்லாதீங்க என்று கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவருக்காவது அடுத்தவர் நன்மைக்காக ஒளிய வேண்டியிருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"கல்யாணம் நின்னு போச்சுப்பா."

அவன் முகம் அவள் பக்கம் திரும்பியது.

"தம்பி கிடைக்காம வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிட்டா உங்க அக்கா. யாரோ உன்னை அடிச்சு அடைச்சு வெச்சிருக்காங்கன்னு ராத்திரி தூக்கம் இல்லாம உட்கார்ந்திருக்கா. எது நடக்கக் கூடாதுன்னு நீ இங்க வந்து ஒளிஞ்சியோ, அதை உன் கையாலேயே நடத்தி வெச்சிருக்கே."

பயிற்சியாசிரியர் பெரியவரைக் கீழே விட்டுவிட்டு மேலே பார்த்தார், புரிந்துகொண்டு விலகிப் போனார். தம்பி உதட்டை மடித்துக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"நான் சொன்னா அது கேஸ் ரிப்போர்ட்," என்றாள் சித்தி. "நீ சொன்னா அது பேச்சு. எதுன்னு நீயே முடிவு பண்ணு. ஆனா இன்னிக்கே."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். விரல் திரையைத் தடவித் தேடியது. வால் வந்து, அழைக்க வேண்டிய எண்ணைத் தொட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

"அக்கா," என்றான் தம்பி. அவ்வளவுதான் சொன்னான். மறுமுனையில் மெஷின் உராயும் சத்தம் நிற்பது சித்திக்கே கேட்டது.

அக்கா வந்து சேர்ந்தபோது முகக்கவசம் கழுத்திலேயே தொங்கியது, மேலங்கியைக் கழற்றவும் மறந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், வண்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்த ஓர் ஆள் மூச்சிரைக்க நின்றார். எதற்கும் சரி என்று சொல்கிறவர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

தம்பி முன்கூடத்தில் எழுந்து நின்றான். காலடிச் சத்தம் கேட்ட பக்கமாகக் கையை நீட்டினான். அந்தச் சத்தம் அவருடையது. அக்கா நின்றது இந்தப் பக்கம்.

கை வெறும் காற்றில் நின்றது. அவர் பதறி, இங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைக் கையமர்த்திவிட்டு, சத்தம் போடாமல் நகர்ந்து போய், அந்தக் கை நீண்டிருந்த இடத்தில் நின்றுகொண்டாள். விரல்கள் அவள் தோளில் பட்டன.

"பொடி ஒட்டும்டா," என்றாள்.

அடுத்த நொடி ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கல்யாணத்தை நிறுத்தாத அக்கா," என்றான் அவன் அவள் தோளுக்குள்ளிருந்து.

"நிறுத்தியாச்சு. அதை எடுத்து மறுபடி வைக்கறது அவர் இஷ்டம். அவர்கிட்ட கேளு."

அவன் எந்தப் பக்கம் கேட்பது என்று தெரியாமல் நின்றான்.

"சரி," என்றார் அவர், அவன் கேட்பதற்கு முன்பே. "எனக்குச் சரி. நான் வேண்டாம்னு சொல்லவே இல்லையே."

சித்தி வெளியே வந்து வாசல் திண்டில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். உள்ளே அக்கா திட்டுவது கேட்டது. சாப்பிட்டாயா, ஏன் இப்படி இளைத்துப் போனாய், தலைக்கு யார் எண்ணெய் வைத்துவிடுகிறார்கள், டாக்டர் யார், எந்த ஊர்க்காரர், அவரை நான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தம்பி பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சித்தி," என்றான் வால் கொஞ்ச நேரம் கழித்து. "ஆபீஸ் போன் காலையில இருந்து அடிச்சுட்டே இருக்கு. யாரோ ஒரு அம்மா. புருஷன் மேல சந்தேகமாம்."

"நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்லு."

"இனிமே கேஸே வேண்டாம்னு சொன்னீங்களே?"

சித்தி கையை நீட்டினாள். வால் அவளைத் தூக்கிவிட்டான். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி மெதுவாக நடந்தார்கள்.